திரும்பி நின்று சொன்னவர்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் ஒரு சட்டி உடைந்தால்கூட, நியாயம் யார் பக்கம் என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். கேட்க இருந்தார், அவ்வளவுதான். கேட்டவர்களுக்கு அவர் முடிவாக ஒரு பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

ரயில்வே சரக்குக் கிடங்கில் குமாஸ்தா வேலை. அந்தக் காலத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். கிராணி, கிராணி என்று கூப்பிட்டே அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பது எல்லாருக்கும் மறந்துபோயிற்று. எந்த ஊர், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை சொல்லுவாரே என்ற பயத்தில் நான் கேட்கவில்லை.

என் புருஷன் ரயில் இன்ஜினுக்குக் கரி போடுகிறவர். ஈப்போ, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருப்பார், வாரத்தில் பாதி வீட்டில் இருக்கமாட்டார். என் தம்பி எங்களோடு இருந்தான். தண்டவாளம் போடுகிற கேங்கில் அவனுக்கு வேலை. கிராணி தனி ஆள் என்பதால் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மனுஷர் சுத்த சைவம். அவருக்கென்று தனிச் சட்டி வைத்திருந்தேன். ஒருநாள் அந்தச் சட்டியில் மீன் கரண்டியைத் தவறிப் போட்டுவிட்டதாக நானே சொன்னேன். தெரியாமல் நடந்தது குற்றமாகுமா ஆகாதா என்று வெகுநேரம் யோசித்தார். பிறகு பசியோடு எழுந்து வேலைக்குப் போனார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் நீதி. மாதா கோவில் பாதிரியார் ஒருவர் அவருக்கு இங்கிலீஷ் புத்தகங்கள் கொடுப்பார். கிடங்கில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பார். படித்ததையெல்லாம் சாயங்காலம் எங்கள் தலையில் கொட்டுவார். இடது கையை நீட்டினால் பழங்காலத்து ஞானிகள் பேசுகிறார்கள் என்று அர்த்தம். வலது கையை நீட்டினால் இந்தக் காலத்தவர்கள். இரண்டு கையையும் மாற்றி மாற்றி நீட்டுவதைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்கள் ஏதோ தாளம் போடுகிறார் என்று நினைப்பார்கள்.

குழாயடியில் ஒருநாள் பெரிய சண்டை. பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத பொண்ணு ஒருத்தி குடத்தோடு வந்து, முன்னால் விடச் சொல்லிக் கேட்டாள். விடியும் முன்னே வந்து நின்றவள் விடமாட்டேன் என்றாள். கிராணி வேலைக்குப் புறப்பட்டு வந்தவர், குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்போதே நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"பழையவங்க என்ன சொல்றாங்கன்னா," என்று இடது கை வந்தது, "ஒரே மாதிரி இருக்கறவங்களுக்கு ஒரே மாதிரி குடு. வேற மாதிரி இருக்கறவங்களுக்கு வேற மாதிரி குடு. பிள்ளை பெத்தவளும் பெறாதவளும் ஒண்ணா? புதுசா சொல்றவங்க, அதெல்லாம் பார்க்க ஆரம்பிச்சா முடிவே கிடையாது, ஆளுக்கு ஒரு குடம், வந்த வரிசை, எல்லாருக்கும் ஒரே சட்டம்னு சொல்றாங்க. அதுலயும் ஒருத்தர், எப்படி விட்டா மொத்தத்துல நிறையப் பேருக்கு நன்மைன்னு கணக்குப் போடுங்கறார்."

"நீங்க என்ன சொல்றீங்க அண்ணே? யார் பிடிக்கட்டும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் கேக்கணும் தங்கச்சி. அவசரப்படக்கூடாது."

அவசரப்படாமல் கேட்டு முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுபோயிற்று. பிள்ளை பெற்றவளும் முதலில் வந்தவளும் சேர்ந்துகொண்டு அவரைத் திட்டினார்கள். அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

இன்னொரு தடவை கோழித் திருடன் ஒருவன் அகப்பட்டான். எங்கேயோ தோட்டத்தில் வேலை போய், பட்டினியாகக் கோலாலம்பூருக்கு நடந்து வந்தவன். அவனை நாங்கா என்கிற பலா மரத்தில் கட்டிவைத்து, அடிக்கலாமா போலீசில் கொடுக்கலாமா என்று ஆண்பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். கிராணி வந்து சேர்ந்தார். பழையவர்களுக்குத் தண்டனை தராசு மாதிரி, தட்டு எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு ஏற்றிவிட வேண்டும் என்றார். புதியவர்கள் நடந்ததைப் பார்ப்பதில்லை, இனி நடக்கப்போவதைத்தான் பார்ப்பார்கள், அடித்தால் செத்த கோழி எழுந்து கொக்கரிக்குமா என்று கேட்பார்கள் என்றார். கூடியிருந்தவர்களில் அவர் சொன்னதைக் கடைசிவரை கவனமாகக் கேட்டவன் திருடன் ஒருவன்தான். முடிந்ததும் மெதுவாகச் சொன்னான்:

"ஐயா, எனக்குப் புதுசே இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு அடிக்க முடியாதே. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கிராணி அவனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தார், அதாவது என் வீட்டுக்கு. தம் பங்குச் சோற்றை அவனுக்குப் போடச் சொல்லிவிட்டு, ஒரு வாழைப்பழத்தோடு எழுந்து போனார். வாய்க்கு வாய் கேலி செய்தாலும் எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும். பொய் சொல்லத் தெரியாதவர். யார் வீட்டுக் கதையையும் இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகாதவர்.

என்னைவிட அவரைப் பிடித்தது என் தம்பிக்கு. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை. அவரைச் சீண்டிச் சீண்டிப் பேசவைப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. எங்கள் அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். தம்பியும் நானும் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். தம்பி முதலில் அங்கே ரப்பர் பால் தகடுகளைப் புகை போடும் கூடத்தில் வேலை பார்த்தான். அந்தப் புகை நெஞ்சில் தங்கிவிட்டது. இரண்டு வறட்டு இருமல், பிறகு இழுத்து ஒன்று. பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த பிறகும் அது போகவில்லை. சிரித்தால் கட்டாயம் வரும்.

நாடு என்பதே ஓர் ஒப்பந்தம், எல்லாரும் கூடி ஒத்துக்கொண்டதால்தான் சட்டத்துக்கு மரியாதை என்று புதியவர்கள் சொல்வதாகக் கிராணி ஒரு சாயங்காலம் வலது கையை நீட்டினார்.

"ஒப்பந்தம்னா, எங்கப்பா மையில கட்டை விரல அமுக்கி வச்சாரே, அதா கிராணி அண்ணே?" என்றான் தம்பி.

"அது இல்லப்பா. இது யாரும் யாரையும் வற்புறுத்தாம, எல்லாரும் சமமா உக்காந்து பேசி முடிவு பண்றது."

"எங்க உக்காந்தாங்க? கிள்ளான்லயா, கோலாலம்பூர்லயா?"

"நெசமா யாரும் உக்காரல. உக்காந்த மாதிரி நெனச்சுக்கணும்."

"நடக்காத கூட்டத்துல ஒத்துக்கிட்டதுக்கா நான் வெயில்ல ஜல்லி கொட்டறேன்? நல்லா இருக்குலா உங்க நீதி!"

சிரித்தான். இருமல் பிடித்துக்கொண்டது. கிராணி சாப்பாட்டை விட்டுவிட்டு இடது கையால் அவன் முதுகைத் தடவிவிட்டார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழசு என்னா சொல்லுது, அதையும் சொல்லிடுங்க" என்றான். பழையவர்கள் நல்ல மனுஷன் யார் என்று தேடினார்கள், புதியவர்கள் நல்ல சட்டம் எது என்று தேடுகிறார்கள், மொத்த வித்தியாசமும் அதில் அடக்கம் என்றார் கிராணி. எந்தத் தேடல் உசத்தி என்று தம்பி கேட்டான். வழக்கம்போல இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது.

கிராணி தயங்காமல் வாயைத் திறந்து முடிவு சொன்ன இடம் ஒன்று உண்டு. அது தீபாவளிக் கறி.

தீபாவளிக்கு முதல் நாள் வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆடு வாங்குவார்கள். அறுத்து, எலும்பும் சதையும் ஈரலுமாகக் கலந்து, வாழை இலைகளில் வீட்டுக்கு ஒன்றாகக் கூறு வைப்பார்கள். எவ்வளவு பார்த்து வைத்தாலும் ஒரு கூறு கொழுப்பாக இருக்கும், ஒன்றில் எலும்பு தூக்கலாக இருக்கும். அதனால் ஓர் ஆள் கூறுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஏதாவது ஒரு கூறின்மேல் கையை வைத்து, "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்கிறவர் வாயில் வந்த பெயரைச் சொல்லுவார். சொன்னால் சொன்னதுதான். எலும்பு வந்தவன் முணுமுணுக்கலாம், சண்டை போட முடியாது. கறி சாப்பிடாதவர், தமக்கென்று ஒரு கூறு இல்லாதவர் என்பதால் திரும்பி நிற்கும் வேலை வருஷா வருஷம் கிராணிக்கு வந்தது.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இடது கை, வலது கை எதுவும் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு, கிடங்குச் சுவரைப் பார்த்தபடி, டக்டக்கென்று பெயர்களைச் சொல்லுவார். முடிந்ததும் சந்தோஷமாக என்னிடம் வருவார்.

"எத்தனையோ புத்தகம் படிச்சுட்டேன் தங்கச்சி. பழையவங்களும் புதியவங்களும் இத்தனை வருஷமா மண்டைய உடைச்சுக்கறாங்க. இந்த மாதிரி ஒண்ணு எவனுக்கும் தோணல. பார்க்கறவனாலதான் பாரபட்சம் வருது. பார்க்கவே வேணாம்னுட்டா?"

"கறிய வாங்கினமா, கொழம்ப வச்சமான்னு இல்லாம" என்று நான் என் வேலையைப் பார்ப்பேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். அப்புறம் ரோட்டு வேலைக்காரர்களை நிறுத்தினார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மூட்டையோடு கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நமக்கு வராது, ரயில் நிற்கவா போகிறது என்று எங்கள் வரிசையில் பேசிக்கொண்டார்கள். வந்தது. தண்டவாளக் கேங்கில் பாதிப் பேரை நிறுத்தி இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலே உத்தரவு. வெள்ளைக்காரத் துரைக்கு இவன் யார், அவன் யார் என்று என்ன தெரியும்? எல்லாம் கறுத்த முதுகுகள். கிராணியைக் கூப்பிட்டு, பாதிப் பெயரை நீயே கொடு, நாளைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கேங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கிராணியைத் தேடி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். காட்டை வெட்டித் தண்டவாளம் போட்ட நாளிலிருந்து உழைக்கிறேன், முதல் பாத்தியதை எனக்கு என்றார் ஒரு பெரியவர். எனக்கு வரிசையாகப் பிள்ளைகள், என்னை அனுப்பினால் அத்தனை வயிறும் காயும் என்றான் இன்னொருவன். நான் இரண்டு ஆள் வேலை செய்வேன், என்னை வைத்துக்கொண்டால் ரயில்வேக்கே லாபம் என்றான் ஒரு வாட்டசாட்டமான பையன். என் தம்பி கடைசியாகப் பேசினான்.

"நான் இங்கயே பொறந்தவன் அண்ணே. ஊருக்குப் போன்னா எந்த ஊருக்குப் போவேன்? அங்க எனக்கு ஒரு ஈ காக்கா தெரியாது."

அத்தனை வருஷமாக அவர் எங்களுக்குச் சொன்னதெல்லாம் அன்றைக்கு ஆளாக எழுந்து வந்து அவர் எதிரில் நின்றது. உழைப்பு ஒரு ஆள், பசி ஒரு ஆள், மொத்த நன்மை ஒரு ஆள், பிறந்த உரிமை ஒரு ஆள். எல்லாரும் சொன்னது நியாயம். கிராணி ஒரு கையையும் நீட்டவில்லை. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

யார் முதலில் சொன்னது என்று இப்போது நினைவில்லை. மண்டோர்தான் என்று நினைக்கிறேன். மண்டோர் என்றால் கேங்கை மேய்க்கிற மேஸ்திரி.

"கறிக்குப் போடற மாதிரி போட்டுடலாமே. நீங்க திரும்பி நின்னு சொல்லுங்க. யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது."

ஒரு நிமிஷம் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரியவர் சரி என்றார். பிள்ளைகுட்டிக்காரன் சரி என்றான். என் தம்பியும் சரி என்றான். என் காதால் கேட்டேன். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. கிராணி முகத்தில் உயிர் வந்தது. பெயரே காதில் விழக்கூடாது, யாரும் வாயைத் திறக்கக்கூடாது, செருப்புச் சத்தம்கூட வரக்கூடாது, மலாயா என்றால் வேலையில் இருக்கலாம், ஊர் என்றால் கப்பல் என்று அவசர அவசரமாகச் சட்டம் சொன்னார். முதல் தடவையாக அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

காலையில் கிடங்குக்குப் பக்கத்து மைதானத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மண்டோர் இடம் மாற்றி மாற்றி நிறுத்தினார். பெண்பிள்ளைகள் நாங்கள் குழாயடியிலிருந்து பார்த்தோம். கிராணி கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மண்டோர் முதல் ஆளின் தோளில் கையை வைத்தார்.

"இது யாருக்கு?"

மனுஷனைப் போய் இது என்று கேட்டார். அன்றைக்கு அது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

"மலாயாவுக்கு" என்றார் கிராணி.

"இது யாருக்கு?"

"ஊருக்கு."

பெரியவர் ஊருக்குப் போனார். வாட்டசாட்டமானவன் மலாயாவுக்கு. பிள்ளைகுட்டிக்காரனும் மலாயாவுக்கு. அவன் பெண்டாட்டி என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடக்கூடாது என்பதால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வரிசையில் பாதி தாண்டுவதற்குள் என் தம்பியின் முறை வந்தது. மண்டோர் அவன் தோளில் கையை வைத்தார்.

தம்பி இருமினான். இரண்டு வறட்டு இருமல், பிறகு இழுத்து ஒன்று.

மண்டோர் அவனை முறைத்தார். கிராணியின் தோள் கொஞ்சம் அசைந்தது. தலை திரும்பப் போகிறது என்றுதான் நினைத்தேன். திரும்பவில்லை.

"இது யாருக்கு?" என்றார் மண்டோர்.

அதுவரை டக்டக்கென்று வந்த பதில் அப்போது வரவில்லை. மண்டோர் இன்னொரு தடவை கேட்டார்.

"ஊருக்கு" என்றார் கிராணி.

அப்புறம் அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள். பாதி நிரம்பியதும் மிச்சம் இருந்தவர்கள் தானாக மலாயா பக்கம் போய் நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டு நடந்த காரியம், யாரோடு சண்டை போடுவது? நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். அழுகை வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அரிசி களைந்தேன், வெங்காயம் உரித்தேன். வரவில்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

தம்பியை வழியனுப்ப ரயிலில் துறைமுகம்வரை போனேன். அப்போது அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹம் என்று பெயர். கிள்ளான் ஆற்றைத் தாண்டும்போது அவன் ஜன்னல் வழியே ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தான். நாங்கள் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். கப்பலுக்குப் போகிறவர்களைப் பிரித்து நிறுத்துமுன் என்னிடம் சொன்னான்:

"அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. அன்னிக்கு இருமல் வந்து நான் இருமல. வேணும்னேதான் இருமினேன்."

ஏன்டா என்று கேட்டேன்.

"கிராணி அண்ணனுக்கு என் இருமல் தெரியும்ல? எத்தனை நாள் முதுக தடவி விட்டிருக்காரு. நான்தான்னு தெரிஞ்சா வச்சுக்குவாருன்னு நெனச்சேன். அவர் காதுல விழல போலருக்கு." கொஞ்சம் சிரித்தான். "நான் பண்ணினது கள்ளத்தனம்தான். அதான் சாமி குடுத்துடுச்சு. நீ அவர் மேல கோபப்படாதக்கா. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? திரும்பி நின்னுட்டு இருந்தாரு."

கோபப்படவில்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான். தோளில் துண்டு மூட்டையோடு அவன் கூட்டத்துக்குள் போனான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சேதியும் எங்களுக்கு வரவில்லை. என் புருஷன் கப்பலில் போய் வருகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

கிராணி சாப்பிட வருவதை நிறுத்தவில்லை. நானும் போடுவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் இலை போடாத இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போவார். பேச்சு நின்றுபோயிற்று. பழையவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, புதியவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. குழாயடியில் யாராவது நியாயம் கேட்டால் குடையை விரித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவார். மனுஷர் இளைத்துக்கொண்டே வந்தார். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் ஒரு சுவர் இருப்பது மாதிரி அவர் இருந்தார், அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம், வெளியே மழை. சாம்பார்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"தங்கச்சி, அன்னிக்கு அந்த இருமல் என் காதுல விழுந்துச்சு."

நான் கரண்டியோடு நின்றேன்.

"முதல் இருமல்லயே தெரிஞ்சுபோச்சு, அவன்தான்னு. மலாயாவுக்குன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அப்பத்தான் நெனச்சேன். அவன் என்கூட சாப்பிடறவன்னு அவனுக்கு மலாயான்னு சொன்னா, முன்னால ஊருக்குப் போன பெரியவருக்கு நான் என்ன பதில் சொல்றது? அவர் இருமியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. தெரிஞ்சவனுக்கு ஒரு நீதி, தெரியாதவனுக்கு ஒரு நீதின்னு ஆயிடும். என் ஆசை எந்தப் பக்கம் இழுக்குதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் சொல்லிடறதுதான் நேர்மைன்னு தோணுச்சு. அதான் அப்படிச் சொன்னேன்."

"தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லித் திரும்பியிருக்கலாமே அண்ணே. மறுபடி முதல்லேர்ந்து போட்டிருப்பாங்களே."

"திரும்பினா எல்லார் மூஞ்சியும் தெரிஞ்சிடுமே" என்றார். "அதுக்கப்புறம் நான் எவனை அனுப்புவேன்?"

சோற்றை மறுபடி பிசைந்தார்.

"நான் செஞ்சது சரியா தப்பான்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. நீ அவன் கூடப் பொறந்தவ. நீ சொல்லு. திட்டறதா இருந்தாலும் திட்டிடு. நீ ஒண்ணும் சொல்லாம தினம் சோறு போடறது என்னால தாங்க முடியல."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஆத்திரமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. தம்பி யாரிடமும் சொல்லாதே என்று சொன்னது நினைவில் இருந்தது. அவரை நோகடிக்கவும் நான் நினைக்கவில்லை. கேட்டார், என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதைச் சொன்னேன்.

"அவன் வேணும்னேதான் இருமினான் அண்ணே. அவன்தான்னு உங்களுக்குத் தெரியணும்னு. கப்பலடில சொன்னான். உங்க காதுல விழலன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டான். உங்க மேல கோபப்படாதன்னு சொல்லிட்டுப் போனான்."

கிராணியின் கை சோற்றிலேயே இருந்தது. விரல்கள் அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. இலையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

ஊத்து என்று தலையை அசைத்தார். ஊற்றினேன்.